பாரிஸில் போட்ட கையெழுத்தால் பழனி மலைக்கு என்ன ஆயிற்று?

கொடைக்கானல் மலைப் பண்ணைக்காட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறார், வீட்டில் காபியும் மிளகும் இருக்கிறது. அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: "நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வருடா வருடம் பருவநிலை மாநாடு நடக்கிறது. கியோட்டோ, பாரிஸ் என்று ஒப்பந்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இங்கே காபி பூப்பதற்காக மாசி, பங்குனியில் விழ வேண்டிய பூ மழை நேரத்துக்கு விழுவதில்லை. இந்த ஒப்பந்தங்களால் உண்மையிலேயே ஏதாவது நடந்திருக்கிறதா, அல்லது எல்லாம் பேச்சோடு சரியா? அமெரிக்காவும் விலகிவிட்டால் அதற்கப்புறம் இதில் என்ன மிச்சம்?"

நேரடியாகச் சொல்கிறேன் தம்பி. நடந்திருக்கிறது. நம் மலைக்குப் போதுமான அளவு நடக்கவில்லை. எந்த ஒப்பந்தம் வேலை செய்தது, எது செய்யவில்லை, ஏன் என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்த இரண்டும் சேர்ந்து உண்மையாக இருப்பது புரியும். நான் பத்து வருடத்துக்கு மேல் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கார்பன் கிரெடிட் திட்டங்களைத் தணிக்கை செய்யும் வேலை பார்த்தவன். இப்போது தாண்டிக்குடிக்கு மேலே கொஞ்சம் காபி வைத்திருக்கிறேன். ஒப்பந்தத்தின் காகிதத்தையும் பார்த்திருக்கிறேன், அது தரையில் இறங்கும்போது என்ன ஆகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

கொடைக்கானலிலிருந்தே ஆரம்பிக்கலாம். அங்கே 1899ல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறதே, அது வந்ததற்கு ஒரு காரணம் பஞ்சம். தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்து மடிந்த பிறகு, மழை ஏன் பொய்த்தது, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சின் முடிவில்தான் உயரமான மலையில் ஒரு ஆய்வகம் வேண்டும் என்று கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே ஆய்வகத்துக்கு 1928ல் ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானி டாப்சன் ஒரு கருவியை அனுப்பிவைத்தார். சூரியனின் கெடுதல் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் வாயு வானத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவி. கலிஃபோர்னியா, எகிப்து, நியூசிலாந்து என்று உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களுக்குத்தான் அதை அனுப்பினார், அதில் நம் மலையும் ஒன்று. ஓசோனுக்கு ஆபத்து வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பார்த்துவைப்போம் என்று தொடங்கிய வேலைதான்.

1985ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் பெரிய அளவில் குறைந்துபோவதை இங்கிலாந்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதைக் காட்டிக்கொடுத்ததும் டாப்சன் பெயரில் இருக்கும் அதே வகைக் கருவிதான். காரணம் ஃப்ரிட்ஜிலும் ஏசியிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் இருந்த சிஎஃப்சி வாயு. அடுத்த இரண்டே வருடத்தில், 1987ல், மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்று அந்த வகை வாயுக்களில் 98 சதவீதத்துக்கு மேல் உற்பத்தியிலிருந்தே போய்விட்டன. இந்த நூற்றாண்டின் நடுவில், அதாவது 2040ஐ ஒட்டி, உலகின் பெரும்பகுதியில் ஓசோன் படலம் 1980ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்றும், அண்டார்டிகாவில் 2066 வாக்கில் திரும்பும் என்றும் ஐ.நா. மதிப்பீடு சொல்கிறது. உலக நாடுகள் உட்கார்ந்து பேசி ஒரு பெரிய ஆபத்தைத் திருப்ப முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இதில் பருவநிலை எங்கே வந்தது என்று கேட்கலாம். சிஎஃப்சி ஓசோனை மட்டும் தின்னவில்லை, வெப்பத்தையும் பிடித்துவைக்கும். பழைய ஃப்ரிட்ஜுகளில் இருந்த ஆர்-12 என்ற சிஎஃப்சி ஒரு கிலோ, கார்பன் டை ஆக்சைடைப் போலப் பத்தாயிரம் மடங்கு சூட்டைக் கூட்டும். அதை நிறுத்தியதால் கிடைத்த பருவநிலைப் பலன், கியோட்டோ ஒப்பந்தத்தின் முதல் கட்ட இலக்கைவிட ஐந்தாறு மடங்கு பெரியது என்று 2007ல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். பருவநிலைக்காகப் போட்ட ஒப்பந்தத்தைவிட, ஓசோனுக்காகப் போட்ட ஒப்பந்தம் பருவநிலைக்கு அதிகம் செய்திருக்கிறது!

ஏன் அது வேலை செய்தது? நான் இந்தக் கேள்வியோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். முதலில், எதை நிறுத்த வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதினார்கள். இந்த வாயு, இந்த வருடத்துக்குள், இத்தனை சதவீதம். தயாரித்த கம்பெனிகளும் உலகத்தில் கொஞ்சம் பேர்தான், மாற்று வாயுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அப்புறம், ஒப்பந்தத்தில் சேராத நாட்டோடு இந்தச் சரக்கை வாங்கவும் கூடாது விற்கவும் கூடாது என்று ஒரு விதி போட்டார்கள். வெளியே நிற்பவனுக்கு நஷ்டம் என்றால் உள்ளே வரத்தானே செய்வான். பணம் விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. இந்தியாவும் சீனாவும், "நீங்கள் கெடுத்ததைச் சரிசெய்ய எங்களைச் செலவு செய்யச் சொல்கிறீர்களா" என்று கேட்டு முதலில் சேரவில்லை. 1990ல் லண்டன் கூட்டத்தில் அதற்கென்று தனி நிதி உருவானது, ஏழை நாடுகளுக்குப் பத்து வருட அவகாசமும் இருந்தது. 1992ல் இந்தியா சேர்ந்தது. வத்தலக்குண்டில் ஏசி மெக்கானிக் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்தது, ஆர்-22 போய் ஆர்-32 வந்தது என்று வரிசையாகச் சொல்வார். சிலிண்டர் மாறியதற்குப் பின்னால் மான்ட்ரியல் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நல்ல ஒப்பந்தம் அப்படித்தான் இருக்கும்.

ஏமாற்றினால் பிடிக்கவும் முடிந்தது. 2018ல், சிஎஃப்சி-11 குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை, யாரோ திருட்டுத்தனமாகத் தயாரிக்கிறார்கள் என்று காற்றை அளப்பவர்கள் சொன்னார்கள். கொரியாவின் ஜெஜு தீவிலும் ஜப்பானிலும் இருந்த நிலையங்களின் அளவுகளை வைத்துக் கிழக்குச் சீனாவைக் கண்டுபிடித்தார்கள். சீனா நடவடிக்கை எடுத்தது, ஓரிரு வருடத்தில் அளவு மறுபடி இறங்கியது. எங்கோ ஒரு மலையிலும் தீவிலும் உட்கார்ந்து தினமும் காற்றை அளப்பவர்களின் வேலை எவ்வளவு பெரியது பாருங்கள்.

இனி கார்பனுக்கு வருவோம். இங்கே நிறுத்த வேண்டியது ஃப்ரிட்ஜ் வாயுவைப் போல ஒன்றிரண்டு சரக்கு இல்லை. லாரி, அனல்மின் நிலையம், சிமென்ட், உரம், இரும்பு, நெல் வயல் என்று வாழ்க்கை முழுவதும் இதில் வந்துவிடுகிறது. 1992ல் ரியோவில் பருவநிலைக்கான அடிப்படை ஒப்பந்தம் வந்தது. 1997ல் கியோட்டோ. பணக்கார நாடுகள் மட்டும் 2008 முதல் 2012 வரை சராசரியாக 5 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது. அமெரிக்க செனட், கியோட்டோ கையெழுத்தாவதற்கு முன்பே, வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று 95க்கு 0 என்ற கணக்கில் தீர்மானம் போட்டுவிட்டது. அமெரிக்கா கடைசிவரை உள்ளே வரவே இல்லை. கனடா சேர்ந்தது, இலக்கை எட்ட முடியாது என்று தெரிந்ததும் 2011 டிசம்பரில் விலகல் அறிவித்தது. தண்டனை ஒன்றும் கிடையாது. மான்ட்ரியலில் இருந்த அந்த வாணிப விதி இங்கே இல்லாமல் போனதன் விலை இது.

கியோட்டோவில் நான் நேரடியாகப் பார்த்த பகுதி கார்பன் கிரெடிட். ஏழை நாட்டில் ஒரு திட்டம் புகையைக் குறைத்தால், அதைக் கிரெடிட்டாகப் பணக்கார நாடு வாங்கித் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். பழனியிலிருந்து உடுமலை, பல்லடம் பக்கம் போனால் தெரியும் காற்றாலைகள் பலவும் இந்தக் கணக்கில் வந்தவை. ஒவ்வொரு திட்டத்திலும் நாங்கள் பார்க்க வேண்டிய முக்கியமான கேள்வி, "இந்தக் கிரெடிட் பணம் வராவிட்டால் இந்தக் காற்றாலை வந்திருக்காதா?" என்பது. எல்லாக் கோப்பிலும் "வந்திருக்காது" என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் அப்போது காற்றாலை வைப்பவர் முதல் வருடமே அதன் மதிப்பில் 80 சதவீதத்தைத் தேய்மானமாகக் காட்டி வரியை மிச்சப்படுத்தலாம். பின்னலாடை முதலாளிகளும் நூற்பாலைக்காரர்களும் காற்றாலை போட்டதற்கு அதுவே போதுமான காரணம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இலவசம். அப்படியிருந்தும் கோப்பு சரியாக இருந்தால் நாங்கள் கையெழுத்துப் போட்டோம். சில கையெழுத்துகளை நினைத்து இன்றும் எனக்கு மனம் உறுத்துகிறது. ஏற்கெனவே வரப்போகும் காற்றாலைக்கு இங்கே கிரெடிட் கொடுத்தால், அதை வாங்கிய ஐரோப்பிய ஆலை அங்கே அவ்வளவு நிலக்கரியை எரிக்க அனுமதி வாங்கியதாகத்தான் ஆகும். உலகத்துக்கு அதில் ஒரு கிலோ லாபம்கூட இல்லை.

இதைவிட மோசம் எச்எஃப்சி-23 கதை. ஆர்-22 தயாரிக்கும்போது வேண்டாத பக்கப் பொருளாக வரும் வாயு அது. கார்பன் டை ஆக்சைடைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் சூட்டைக் கூட்டும். அதை எரித்து அழித்தால் ஏராளமான கிரெடிட். சீனாவிலும் இந்தியாவிலும் சில ஆலைகளுக்கு, விற்கும் சரக்கைவிடக் கழிவை அழிப்பதில் அதிக வருமானம் வந்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2013ல் இந்தக் கிரெடிட்டை ஏற்பதை நிறுத்தியது. அதற்குள், 2008ல் 20 யூரோவைத் தொட்டிருந்த கிரெடிட் விலை 2012 முடிவதற்குள் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு வேலை போனது. 2016ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் மான்ட்ரியல் ஒப்பந்தத்தை விரிவுபடுத்தியபோது, இந்தியா தன் ஆலைகளுக்கு, அந்த வாயுவை உங்கள் சொந்தச் செலவிலேயே அழியுங்கள் என்று உத்தரவு போட்டது. கோடி கோடியாகக் கொடுத்து வாங்கிய அதே பலன், ஒரு உத்தரவில் கிடைத்தது.

பாதரசக் கதை கொடைக்கானல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் மூடிய தெர்மாமீட்டர் ஆலை 1980களில் இங்கே வந்ததும், மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கிடந்ததும், 2001ல் மக்கள் போராட்டத்தால் ஆலை மூடப்பட்டதும், 2003ல் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பியதும் எல்லோரும் அறிந்தவை. இங்கே மூடவைத்தது மக்கள்தான், அப்போது அதற்கென்று உலக ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஆனால் 2013ல் பாதரசத்துக்கென்று மினமாட்டா ஒப்பந்தம் வந்து, 2020க்குப் பிறகு பாதரசத் தெர்மாமீட்டர் தயாரிப்பதையும் நாடு விட்டு நாடு விற்பதையும் நிறுத்தச் சொன்னது. 2018ல் இந்தியாவும் அதை ஏற்றது. அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் நம் மலையிலிருந்து துரத்திய ஆலை இன்னொரு ஏழை நாட்டின் மலையில் போய் உட்கார்ந்திருக்கும். ஊர்க்காரர்களின் போராட்டம் ஒரு இடத்தைத்தான் காப்பாற்றும். எல்லா இடத்துக்கும் சேர்த்துக் கதவைச் சாத்துவதற்கு ஒப்பந்தம் வேண்டும்.

இப்போது பாரிஸ். 2015 டிசம்பர் 12. இதில் இலக்கை யாரும் யார் மேலும் சுமத்தவில்லை. ஒவ்வொரு நாடும் தானே எழுதிக் கொடுக்கும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முன்பைவிடக் கடினமாக எழுதிக் கொடுக்கும். எழுதியதைச் செய்யாவிட்டால் தண்டனை இல்லை. கடைசி மணி நேரத்தில் ஒரே ஒரு வினைச்சொல்லுக்காகக் கூட்டம் நின்றுபோனது. வரைவில் பணக்கார நாடுகள் கட்டாயம் செய்தாக வேண்டும் என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. அப்படி இருந்தால் செனட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும், அங்கே தோற்கும் என்று அமெரிக்கா பயந்தது. செய்வது உகந்தது என்ற பொருளில் அந்தச் சொல்லை மாற்றி, அச்சுப்பிழைத் திருத்தம் என்று வாசித்து நிறைவேற்றினார்கள். மொத்த ஒப்பந்தத்தின் பலவீனமும் அந்தத் திருத்தத்தில் இருக்கிறது. அந்தத் திருத்தம் இல்லாமல் ஒப்பந்தமே இல்லை என்பதும் நிஜம்.

சரி, பலன்? நல்லதையும் கெட்டதையும் எண்ணிலேயே சொல்கிறேன். ரியோ மாநாடு நடந்தபோது காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 356 பங்கு. 2024ல் 422ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட்டால் வரும் புகை 1990ல் வருடத்துக்குச் சுமார் 2,270 கோடி டன், 2024ல் சுமார் 3,740 கோடி டன். அந்த வருடம்தான் உலகச் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் வருடம். இதை மட்டும் பார்த்தால் முப்பது வருடமும் வீண் என்று தோன்றும்.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. பாரிஸ் ஒப்பந்த காலத்தில், அப்போதிருந்த கொள்கைகளோடு போனால் நூற்றாண்டின் முடிவில் 3 முதல் 3.5 டிகிரி வரை, சில கணக்குகளில் 4 டிகிரி வரை சூடேறும் என்றார்கள். 2025ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் சொன்ன கணக்கு, இப்போதைய கொள்கைகளோடு போனால் 2.8, நாடுகள் எழுதிக் கொடுத்ததை முழுதாகச் செய்தால் 2.3 முதல் 2.5. இலக்கு 1.5. ஆக, பாதி வழிகூடக் கடக்கவில்லை. ஆனால் 3.5க்கும் 2.8க்கும் உள்ள வித்தியாசத்தைச் சின்னது என்று எந்தக் காபி விவசாயியும் சொல்ல மாட்டார். அராபிகா வளர்வதற்குக் குளிர்ச்சி வேண்டும். கொஞ்சம் சூடு கூடினால் செடியை இன்னும் மேலே ஏற்ற வேண்டும், மேலே ஏறுவதற்கு இடம் எங்கே இருக்கிறது? சூடும் வறட்சியும் கூடினால் தண்டுத் துளைப்பான் பூச்சி பெருகும். அரை டிகிரி என்பது நமக்கு ஒரு பயிரே இருப்பதும் போவதும்.

இந்த இறக்கம் முழுவதும் பாரிஸின் புண்ணியம் என்று சொன்னால் அது பொய். சோலார் தகடு விலை பத்து வருடத்தில் சுமார் 90 சதவீதம் விழுந்ததற்கு ஜெர்மனியின் 2000ஆம் வருடத்துச் சட்டமும் சீனத் தொழிற்சாலைகளும் முக்கியக் காரணம். ஆனால் கியோட்டோவில் ஒப்புக்கொண்ட கடமை இல்லாவிட்டால் ஐரோப்பா அவ்வளவு காசை அன்றைக்கு விலை அதிகமாக இருந்த சோலாரில் கொட்டியிருக்குமா? கொட்டியிருக்காது என்பதுதான் என் எண்ணம். ஒப்பந்தம் நேரடியாகப் புகையைக் குறைப்பதில்லை. எல்லோரும் இந்தத் திசையில்தான் போகப்போகிறார்கள் என்று முதலீடு செய்பவர்களுக்கு நம்பிக்கை கொடுக்கிறது. மீதியைத் தொழிற்சாலையும் விலையும் செய்கின்றன.

இந்தியாவும் அப்படித்தான். 2030க்குள் மின் நிறுவுதிறனில் பாதியை நிலக்கரி, எரிவாயு அல்லாதவற்றிலிருந்து கொண்டுவருவோம் என்று எழுதிக் கொடுத்தோம். 2025 நடுவிலேயே அதை எட்டிவிட்டோம், ஐந்து வருடம் முன்னதாக. பெருமைதான். ஆனால் நிறுவுதிறன் வேறு, உண்மையில் ஓடும் மின்சாரம் வேறு. இன்னமும் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மின்சாரம் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. 2021ல் கிளாஸ்கோ மாநாட்டில் நிலக்கரியைப் படிப்படியாக ஒழிப்பது என்றிருந்ததைக் குறைப்பது என்று மாற்றச் சொன்னதும் நாம்தான். அதற்காக நம்மைத் திட்டினார்கள். ஒரு அமெரிக்கர் வருடத்துக்கு 14 டன் புகை விடும்போது ஒரு இந்தியர் விடுவது சுமார் 2 டன் என்பதைத் திட்டியவர்கள் சொல்லவில்லை.

பண விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வரும். 2009ல் கோபன்ஹேகன் மாநாட்டில் பணக்கார நாடுகள், ஏழை நாடுகளுக்கு 2020க்குள் வருடத்துக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்றார்கள். 2022ல்தான் அந்தத் தொகை வந்தது. வந்ததில் பெரும்பகுதி கடன். 2024ல் அஜர்பைஜானின் பாக்கு நகர மாநாட்டில் ஏழை நாடுகள் வருடத்துக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன, 2035க்குள் வருடத்துக்கு 30,000 கோடி என்று முடித்துவிட்டார்கள். இந்தியப் பிரதிநிதி சபையிலேயே எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார். இழப்புக்கும் சேதத்துக்கும் என்று ஒரு நிதி 2022ல் ஒப்புக்கொள்ளப்பட்டு, அடுத்த வருடம் துபாயில் தொடங்கியபோது, உலகம் முழுவதற்கும் சேர்த்துச் சொன்ன தொகை 70 கோடி டாலரை ஒட்டித்தான் இருந்தது. நீலகிரிக்கு அடுத்த வயநாட்டில் 2024 ஜூலை 30 விடியலில் ஊர் ஊராக மண்ணுக்குள் போனதே, அந்த மழை பருவநிலை மாற்றத்தால் சுமார் 10 சதவீதம் கூடுதலாகப் பெய்தது என்று ஆய்வு சொன்னது. அந்த ஒரு மலைச்சரிவின் இழப்பைக் கணக்கிட்டுப் பார்த்தாலே இந்த நிதி எவ்வளவு சொற்பம் என்று விளங்கும்.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பாரிஸ் நம் மலையை நேரடியாகத் தொடும் இடம் இதுதான், இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

இந்தியா எழுதிக் கொடுத்ததில் இன்னொன்றும் இருக்கிறது. 2030க்குள் கூடுதலாகக் காட்டையும் மரங்களையும் வளர்த்து 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை உள்வாங்குவோம் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதைக் காடு என்று எண்ணுகிறார்கள்? செயற்கைக்கோள் படத்தில் ஒரு ஹெக்டேரில் 10 சதவீதத்துக்கு மேல் மரக் கூரை தெரிந்தால் அது காட்டுப் பரப்பு. சோலையும் ஒன்றுதான், பைன் தோட்டமும் ஒன்றுதான், சீகை என்று நாம் சொல்லும் வாட்டில் மரமும் ஒன்றுதான். புல்வெளி இந்தக் கணக்கில் வெற்றிடம்.

மேல்மலையில் மன்னவனூர், கூக்கால், பேரிஜம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். இந்த மலையின் மூல உருவம் பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். தோல் பதனிடப் பட்டை வேண்டும், விறகு வேண்டும், கூழ்மரம் வேண்டும் என்று வாட்டிலும் பைனும் யூகலிப்டஸும் நட்டார்கள். வாட்டில் பிறகு தானாகவே பரவியது. நாற்பது வருடத்தில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018ல் வந்த ஆய்வு காட்டியது. அந்தப் புல்தான் மழையைப் பஞ்சு போல் வாங்கி, கோடையிலும் ஓடையை ஓடவைக்கிறது. கீழே பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் போகிற தண்ணீர் அங்கே பிறக்கிறது. கார்பனையும் அது மண்ணுக்கு அடியில் வைத்திருக்கிறது, நெருப்பு வந்தாலும் அதில் பெரும்பகுதி அங்கேயே இருக்கும். மேலே நிற்கும் வாட்டிலோ பைனோ பற்றிக்கொண்டால் சேர்த்ததெல்லாம் புகை.

இப்போது ஒரு வன அலுவலர் வாட்டிலை எடுத்துப் புல்லை மீட்கிறார் என்று வையுங்கள். மலைக்கு அவர் செய்வது மிகப் பெரிய நன்மை. டெல்லிக் கணக்கில் காட்டுப் பரப்பு குறைந்ததாகத்தான் பதிவாகும். மரம் நட்டால் கார்பன் கிரெடிட் என்று வருபவர்களுக்கும் புல்வெளியைப் பார்த்தால் காலி நிலமாகத் தெரியும். குறிஞ்சி பூப்பது அந்தப் புல்வெளியில். 2006ல் பூத்தது, 2018ல் பூத்தது. அடுத்தது 2030. நாடு எழுதிக் கொடுத்த இலக்கு முடியும் வருடமும் அதுவே. 2018ல் விழுந்த விதையிலிருந்து வந்த செடிகள் மேல்மலைப் புல்லுக்குள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த இடத்தில் ஒப்பந்தத்தின் பெயரைச் சொல்லி யாராவது மரக்கன்றைக் கொண்டுவந்தால், அதைத் தடுக்க வேண்டியது நம் வேலை. ஒப்பந்தத்தில் எந்த மரத்தையும் எங்கே நட வேண்டும் என்று எழுதவில்லை. எண்ணை எட்டுவதற்கு எளிதான வழியைத் தேடும்போதுதான் தப்பு நடக்கிறது. மன்னவனூர், பூம்பாறை ஊராட்சிகளில் கிராம சபை கூடும்போது, எந்தச் சர்வே எண்ணில் என்ன நடப்போகிறார்கள் என்று கேட்பதற்கு எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. உங்கள் கல்லூரி நண்பர்களில் மேல்மலைப் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

பூ மழையைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு வருடம் மழை தப்பியதை வைத்துப் பருவநிலை மாற்றம் என்று முத்திரை குத்த முடியாது, நம் தாத்தா காலத்திலும் தப்பியிருக்கிறது. ஆனால் இன்றைக்கு உலகம் முழுவதும் புகையை நிறுத்தினாலும், ஏறிய சூடு உங்கள் ஆயுளுக்குள் இறங்காது. ஆகவே கல்யாண முருங்கையையும் நாட்டு மரங்களையும் நிழலுக்கு வைத்திருப்பது, மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்துப் பூவுக்குத் தெளிப்பது, மிளகோடு ஆரஞ்சையும் கலந்து வைப்பது இதெல்லாம் ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்க வேண்டிய வேலை இல்லை. உங்கள் அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கடைசியாக அமெரிக்கா. 2025 ஜனவரியில் அந்த நாடு பாரிஸிலிருந்து இரண்டாவது முறையாக விலகுவதாக அறிவித்தது. பெரிய அடிதான், குறிப்பாகப் பண விஷயத்தில். ஆனால் முதல் முறை அது விலகியபோது பின்னாலேயே வேறு ஒரு நாடும் போகவில்லை. இந்த முறை சூழ்நிலை இன்னும் மாறியிருக்கிறது. ஐரோப்பா 2026 முதல் இறக்குமதியாகும் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றின் மேல் கார்பன் கட்டணம் போடுகிறது. காடழித்த நிலத்தில் விளைந்த காபியை வாங்க மாட்டோம் என்று அவர்கள் போட்ட சட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தாலும், அதற்காக நம் காபித் தோட்டங்களின் எல்லையை வரைபடத்தில் பதியும் வேலை ஆரம்பித்தாயிற்று. சிறு விவசாயிக்கு இது கூடுதல் பாரம், அதற்கு உதவி வேண்டும் என்று நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் மான்ட்ரியலில் இருந்து கியோட்டோவிலும் பாரிஸிலும் இல்லாமல் போன அந்த ஒரு விஷயம், வெளியே நிற்பவனுக்கு நஷ்டம் என்பது, வேறு வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும், வனுவாட்டு என்ற சின்னத் தீவு நாடு முன்நின்று கேட்டுக்கொண்டதன் பேரில், பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடு கேட்கவும் இடமுண்டு என்று கருத்துச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு வனுவாட்டில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் சிலர் வகுப்பறையில் பேசியதிலிருந்து தொடங்கியது. அவர்களுக்கும் அப்போது உங்கள் வயதுதான் இருந்திருக்கும்.